நழுவும் கட்டும் நடுப்பகல் நிழலும்: சாரணர் கேள்வி பதில்

த்விதீய சோபான், த்ரிதீய சோபான் என்ற சாரணர் பயிற்சிப் படிகளை முடித்து ராஜ்ய புரஸ்கார் எனும் ஆளுநர் விருதுக்குத் தயாராகும் சாரண சாரணியரும், அவர்களுடைய பெற்றோர்களும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். எந்தப் பாடம் எந்தச் சோபானில் வருகிறது என்பது பாடத்திட்டம் திருத்தப்படும்போது இடம் மாறும். அதை உங்கள் சாரண ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கே செய்முறையை மட்டும் பேசுவோம்.

கேள்வி: இரண்டு மூங்கில்களைச் செங்கோணத்தில் சேர்க்கும் ஸ்கொயர் லாஷிங் கட்டுகிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதனையாளர் பிடித்து ஆட்டினால் குறுக்கு மூங்கில் கீழே இறங்கிவிடுகிறது. என்ன தவறு?
(ஒன்பதாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர் மாவட்டம்)

பெரும்பாலும் தவறு மூன்று இடங்களில்தான் இருக்கும்: கயிறு, கணு, இறுக்குச் சுற்று.

முதலில் கயிற்றைப் பாருங்கள். கடையில் சுலபமாகக் கிடைக்கிறது என்று பச்சை, நீல நிற நைலான் கயிறு வாங்கியிருப்பீர்கள். மூங்கிலின் தோல் வழுவழுப்பு, நைலானும் வழுவழுப்பு. போதாக்குறைக்கு நைலான் இழுத்தால் நீளும். எத்தனை சுற்று சுற்றினாலும் பிடிப்பு வராது. தேங்காய் நார்க்கயிறு கையை அறுக்கும், ஆனால் மூங்கிலைக் கவ்விப் பிடிக்கும். சுண்டுவிரலைவிடச் சற்று மெல்லியதாக, ஒரே சீரான பருமனில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நனைந்த கயிற்றில் கட்டாதீர்கள். சணலும் பருத்தியும் நனைந்தால் உப்பி, நீளம் குறையும். காய்ந்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பும். மாலையில் கல்லாக இருந்த கட்டு மறுநாள் வெயிலில் தொளதொளவென்று ஆவது இதனால்தான்.

எவ்வளவு கயிறு வேண்டும்? இரண்டு மூங்கில்களின் குறுக்களவையும் அங்குலத்தில் கூட்டுங்கள். அங்குலத்துக்கு ஒரு மீட்டர். 2 அங்குல மூங்கில் இரண்டு என்றால் 4 மீட்டர். இதைவிடக் குறைந்தால் கடைசி முடிச்சுக்குக் கயிறு போதாமல் இறுக்குச் சுற்றைக் குறைப்பீர்கள். கட்டு அங்கேதான் கெடும்.

இனி செய்முறை. நேர் மூங்கிலின் மேல் குறுக்கு மூங்கிலைச் செங்கோணத்தில் வையுங்கள். வைக்கும் இடம் முக்கியம்: க்ளோவ் ஹிட்ச் (கம்பில் இரண்டு சுற்றுச் சுற்றிப் போடும் தொடக்க முடிச்சு) ஒரு கணுவுக்குச் சற்று மேலேயும், குறுக்கு மூங்கில் அந்த முடிச்சுக்கு மேலேயும் உட்கார வேண்டும். கணு புடைத்திருப்பதால் முடிச்சு அதைத் தாண்டிக் கீழே இறங்காது. க்ளோவ் ஹிட்ச் போட்டதும் மிஞ்சும் சிறு முனையை நீளக் கயிற்றோடு இரண்டு மூன்று முறை முறுக்கிவிடுங்கள்.

கயிற்றைக் குறுக்கு மூங்கிலின் முன்பக்கமாக மேலே கொண்டுபோய், நேர் மூங்கிலின் பின்னால் சுற்றி, மறுபக்கத்தில் குறுக்கு மூங்கிலின் முன்பக்கமாகக் கீழே இறக்கி, மறுபடி நேர் மூங்கிலின் பின்னால் கொண்டுவந்தால் ஒரு சுற்று. இப்படி மூன்று சுற்று. ஒவ்வொரு புதுச் சுற்றும் குறுக்கு மூங்கிலின் மேல் பழைய சுற்றுக்கு வெளிப்பக்கமாகவும், நேர் மூங்கிலின் மேல் பழைய சுற்றுக்கு உட்பக்கமாகவும் வர வேண்டும். அப்படிப் போனால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பாய் விரித்ததுபோல் பக்கம் பக்கமாகப் படியும். ஏறிய இழை ஏறிய இடத்தில் மட்டும்தான் அழுத்தும். மற்ற இடங்களில் இடைவெளி விழும்.

பிறகு இறுக்குச் சுற்று. இரண்டு மூங்கில்களுக்கும் இடையே, ஏற்கெனவே சுற்றிய கயிறுகளை இடுப்பைப் பிடித்து நெரிப்பதுபோல் இரண்டு அல்லது மூன்று சுற்று. கட்டின் உறுதி முழுக்க இங்கேதான். கையால் மட்டும் இழுத்தால் போதாது. ஒரு சாண் நீளக் குச்சியில் கயிற்றைச் சுற்றிக் கைப்பிடியாக்கி, காலை மூங்கிலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாக இழுக்க வேண்டும். மூன்றையும் சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே இழுப்பாக இழுத்தால் முதல் சுற்று இறுகவே இறுகாது. முடிக்கும் க்ளோவ் ஹிட்ச்சைக் குறுக்கு மூங்கிலில், கட்டோடு ஒட்டினாற்போல் போடுங்கள். ஓர் அங்குலம் தள்ளிப் போட்டாலும் அந்த இடைவெளி வழியாக இறுக்கம் முழுதும் வடிந்துவிடும்.

இன்னொன்று: அன்றே வெட்டிய பச்சை மூங்கில் காயக் காயச் சுருங்கும். முகாமில் நுழைவாயிலோ மேடையோ கட்டினால் தினமும் காலையில் எல்லாக் கட்டையும் தட்டிப் பார்த்து, தளர்ந்ததை அவிழ்த்துக் கட்டுங்கள். மூங்கில்கள் செங்கோணத்தில் இல்லாமல் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு, ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றால் ஸ்கொயர் லாஷிங் அங்கே உதவாது. டயகனல் லாஷிங் போட வேண்டும். அது டிம்பர் ஹிட்ச்சில் தொடங்கும், அந்த முடிச்சே இரண்டு மூங்கில்களையும் இழுத்துச் சேர்த்துவிடும்.

கேள்வி: இரண்டு முனைகளைச் சேர்க்கும் ரீஃப் நாட் போட்டால் பாதி நேரம் தவறான கிரானி நாட் ஆகிவிடுகிறது. பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது?
(சாரணியர், திருநெல்வேலி)

இரண்டு சிறு முனைகளும் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள். ரீஃப் நாட்டில் ஒவ்வொரு சிறு முனையும் தன் நீளக் கயிற்றோடு ஒட்டி, அதற்கு இணையாகப் படுத்திருக்கும். கிரானியில் இரண்டும் குறுக்கே, கயிற்றுக்குச் செங்கோணமாக முறைத்துக்கொண்டு நிற்கும். வலது முனை இடதின் மேல், அடுத்து இடது முனை வலதின் மேல்: இரண்டு முறையும் மேலே போவது ஒரே முனைதான் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

ரீஃப் நாட் கட்டுத்துணிக்கும் பொட்டலத்துக்கும் உரியது. தட்டையாகப் படிவதால் காயம்பட்டவர் உடம்பில் உறுத்தாது. ஆளையோ பாரத்தையோ தாங்கும் கயிறுகளை இணைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு முனையைச் சுண்டி இழுத்தாலே முடிச்சு புரண்டு உருவிக்கொண்டு வந்துவிடும். வேண்டுமானால் மேசைக் காலில் கட்டிச் சுண்டிப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு தீக்குச்சிக்குள் அடுப்பு மூட்ட வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஐந்தாறு ஆகிறது. மழை ஈரம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.
(எட்டாம் வகுப்பு மாணவர், கன்னியாகுமரி மாவட்டம்)

உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? தென்னந்தோப்பில் பன்னாடை, காய்ந்த பாளை, சிரட்டை, ஓலை ஈர்க்கு என்று பற்றவைக்கத் தேவையான எல்லாமே கிடக்கின்றன.

தீக்குச்சியை எடுப்பதற்கு முன்பே வேலை முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். நான்கு குவியல் வையுங்கள். முதலாவது, இரண்டு கையும் கொள்ளுமளவு பஞ்சுபோல் பிரித்த பன்னாடை அல்லது தேங்காய் நார். இரண்டாவது, தீக்குச்சிப் பருமனில் ஈர்க்கும் சுள்ளியும், ஒரு பிடி. மூன்றாவது, பென்சில் பருமனில் இரண்டு பிடி. நான்காவது, கட்டைவிரல் பருமனிலும் அதற்கு மேலும். நான்கும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பற்றிய பிறகு சுள்ளி பொறுக்க ஓடுகிறவர்களுக்குத்தான் மூன்றாவது குச்சி தேவைப்படுகிறது.

சுள்ளி காய்ந்ததா என்று ஒடித்துப் பாருங்கள். படக்கென்று சத்தத்தோடு ஒடிந்தால் காய்ந்தது. வளைந்து நார் நாராகப் பிரிந்தால் ஈரம். மழைக்காலத்தில் தரையில் கிடப்பதை எடுக்காதீர்கள். மரத்திலேயே பட்டு நிற்கும் கிளை காய்ந்திருக்கும். தரை ஈரமாக இருந்தால் கட்டைவிரல் பருமன் குச்சிகளை அடியில் வரிசையாகப் பரப்பி, அதன்மேல் அடுக்குங்கள். தடித்த கட்டையின் வெளிப்புறம் நனைந்திருந்தாலும் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும்.

காற்று வரும் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்காருங்கள். குச்சியை உரசியதும் தலையைக் கீழே சாய்த்துப் பிடித்தால் சுடர் குச்சியில் ஏறும். இரண்டு உள்ளங்கைகளுக்குள் காத்து, குச்சி நன்றாகப் பற்றிய பிறகு காற்று வரும் பக்கமிருந்தே பன்னாடையின் அடியில் வையுங்கள். அப்போது காற்றே சுடரை விறகுக்குள் தள்ளும். மேலே வைத்தால் மேற்பரப்பு மட்டும் பொசுங்கி அணையும். பற்றியதும் அவசரப்பட்டுப் பெரிய விறகைச் சாய்க்காதீர்கள். தீ மூச்சுத் திணறி அணைவது அந்த நொடியில்தான். மண்ணெண்ணெய் ஊற்றினால் அது சோதனையே அல்ல, முகத்துக்கும் ஆபத்து.

எரிக்கக் கூடாத மரங்களும் உண்டு. அரளியின் புகையும் நஞ்சு; அதன் குச்சியைக் கிளறுவதற்கும் அப்பளம் சுடுவதற்கும்கூடப் பயன்படுத்தாதீர்கள். பிச்சாவரம் பக்கம் முகாமிட்டால் தில்லை மரத்தைத் தொடவே வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும், புகையும் கண்ணைக் கெடுக்கும். காப்புக்காட்டில் எந்த மரமாக இருந்தாலும் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தது நினைவிருக்கும். முடித்ததும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

கேள்வி: கைக்கடிகாரத்தின் மணி முள்ளைச் சூரியனுக்கு நேராக வைத்து, அதற்கும் 12-க்கும் நடுவில் தெற்கு என்று படித்தேன். மே மாதம் மைதானத்தில் செய்தால் தெற்கு வேறெங்கோ வருகிறது. காம்பஸும் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை.
(பத்தாம் வகுப்பு மாணவர், சென்னை)

கடிகாரத்தை நம்பாதீர்கள், காம்பஸை நம்புங்கள். அந்த முறை சூரியன் எப்போதும் தெற்கு வானில் போகும் இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஓரளவு சரியாக வரும். நாம் இருப்பது வெப்ப மண்டலத்தில். ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சென்னையில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று முதல் ஆகஸ்ட் 18 வரை நடுப்பகலில் அது நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நாட்களில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். தெற்கில் இல்லாத சூரியனை வைத்துத் தெற்கைத் தேடினால் கிடைக்காது. மற்ற மாதங்களிலும் நம் ஊரில் சூரியன் காலையில் நெடுநேரம் கிழக்கிலேயே ஏறி, நண்பகலை ஒட்டிச் சட்டென்று மேற்குக்குத் தாவுவதால், கடிகாரக் கணக்கு நிறையவே பிசகும். புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காகச் சோதனையில் விளக்கிச் சொல்லுங்கள். வழி தேடுவதற்கு வேண்டாம்.

நமக்கு ஒத்துவருவது நிழற்கோல். ஒரு மீட்டர் குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல். அரை மணி கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. வருடத்தின் எந்த நாளிலும் இந்த வரிசை மாறாது. நண்பகலை ஒட்டி அரை மணியில் நுனி சுமார் 13 செ.மீ. நகரும், கோடு போட அது போதும்.

ஆனால் நேரம் முக்கியம். பகல் 11 மணியிலிருந்து 1 மணிக்குள் செய்தால் கோடு கிட்டத்தட்டச் சரியான கிழக்கு மேற்காக வரும். காலை 7 மணிக்குச் செய்தால் மார்ச், செப்டம்பர் கடைசி வாரங்களில் மட்டும் சரியாக இருக்கும். ஜூனிலும் டிசம்பரிலும் 20 பாகை அளவுக்குக்கூடப் பிசகலாம்.

இரவில் துருவ நட்சத்திரம். ஒரு ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அந்த ஊரில் அது அடிவானத்திலிருந்து அத்தனை பாகை உயரத்தில் நிற்கும்: சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. அதாவது நம் ஊரில் அது ஒரு முஷ்டி உயரம்தான்; தென்னைமரமும் பனிமூட்டமும் மறைத்துவிடும். ஆகவே டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான முகாம்களில் ஓரியன் மண்டலத்தைப் பழகிக்கொள்ளுங்கள். நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் முதலில் உதிக்கும் மின்டகா ஏறத்தாழ நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும்.

காம்பஸ் காட்டும் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் தமிழ்நாட்டில் ஓரிரண்டு பாகைதான் வித்தியாசம். நடைப்பயணத்துக்கு அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். பெல்ட் பக்கிளும் கைபேசியும் அதைவிட அதிகமாக முள்ளை இழுக்கும். அவற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் படியுங்கள்.

கேள்வி: முகாமில் சமைக்கும்போது என் மகள் கையில் கொதிக்கிற சாம்பார் கொட்டிவிட்டது. கூட இருந்தவர்கள் பற்பசை தடவியிருக்கிறார்கள். சரியா?
(சாரணியின் அம்மா, ஈரோடு)

சரியில்லை, அம்மா. பற்பசை, இங்க், மாவு, மஞ்சள், எண்ணெய், ஐஸ் எதுவுமே வேண்டாம். தோலுக்குள் இறங்கிய சூட்டை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. மேலே பூசினால் சூடு உள்ளேயே தங்கும், பிறகு மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது கொப்புளமும் சேர்ந்து வரும். ஐஸ் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, வெந்த தோலை இன்னும் கெடுக்கும்.

ஓடும் குளிர்ந்த தண்ணீரில், குழாய் இல்லையென்றால் குவளையால் ஊற்றி, 20 நிமிடம். பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடுவார்கள். கடிகாரம் வைத்து நிற்க வையுங்கள். வீங்குவதற்கு முன்பே வளையல், மோதிரம், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காமல் சுற்றி வெட்டி விடுங்கள். பிறகு பஞ்சு ஒட்டாத சுத்தமான துணியால் தளர மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காயம்பட்டவருடைய உள்ளங்கையைவிடப் பெரிய தீக்காயம், முகம், மூட்டு, பிறப்புறுப்பில் பட்டது, வெளுத்தோ கருகியோ வலியில்லாமல் இருப்பது: இவை எல்லாம் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

கேள்வி: பழைய முதலுதவிப் புத்தகத்தில் பாம்பு கடித்தால் மேலே இறுக்கிக் கட்டி, கீறி, ரத்தத்தை வெளியேற்றச் சொல்கிறது. மாணவர்களுக்கு அதையே கற்றுத்தரலாமா?
(சாரண ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்)

வேண்டாம் ஐயா. கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாகம் ஆகியவற்றின் நஞ்சு கடித்த இடத்துச் சதையையே அழிக்கும். மேலே இறுக்கிக் கட்டினால் அந்த நஞ்சு ஓர் இடத்தில் தேங்கி, ரத்த ஓட்டமும் நின்று, கையோ காலோ போய்விடும். அவிழ்த்ததும் தேங்கியது மொத்தமும் ஒரே வீச்சில் உடம்பில் பரவும். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தால் ரத்தம் உறையாது. அந்த நிலையில் பிளேடால் கீறினால் நிற்காத காயத்தை நாமே உண்டாக்கியதாகும். உறிஞ்சினால் நஞ்சு வராது.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. கடிபட்டவரைப் பாம்பிடமிருந்து விலக்கி உடனே படுக்க வையுங்கள். ஓடவோ நடக்கவோ விடாதீர்கள், தசை அசைய அசைய நஞ்சு பரவும். மோதிரம், கொலுசு, ஷூ, இறுக்கமான உடை எல்லாம் கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் கோலையோ மட்டையையோ வைத்து அந்தக் கையை அல்லது காலை அசையாமல் கட்டுங்கள். கட்டுக்குள் ஒரு விரல் நுழையும் தளர்வு வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 108. வண்டி வரத் தாமதமாகும் என்றால் இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகலாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாப்பிடவும் குடிக்கவும் ஒன்றும் கொடுக்காதீர்கள்.

பாம்பை அடித்து எடுத்துவரத் தேவையில்லை. இங்கே கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. (அந்த மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. ஒருநாள் களப்பயணத்துக்கு நல்ல இடம்.) மருத்துவமனையில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள், எந்தப் பாம்பு என்று நாம் சொல்லும் ஊகத்தைவிட அது பயன்படும்.

முகாமுக்கு மிகவும் ஆபத்தானது கட்டுவிரியன்தான். இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் ஒரு பையன் வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது என்று எழுந்து, கண் இமையைத் தூக்க முடியாமல் தவித்தால், அதை அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். அந்த நிமிடமே மருத்துவமனை. அடுத்து மூச்சுவிடும் தசைகள் செயலிழக்கும், செயற்கை சுவாசக் கருவி தேவைப்படும்.

ஆகவே முகாம் இடத்தை முடிவு செய்யும்போதே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போன் செய்து, விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கின்றனவா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொசுவலை கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கடியில் சுற்றிலும் செருகிவிட்டால் கொசுவோடு கட்டுவிரியனும் வெளியே நிற்கும். அரிசி மூட்டையைக் கூடாரத்துக்குள் வைத்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

கேள்வி: ஸ்கார்ஃபில் கைத்தூக்கு கட்டினால் கை சரியாக அடங்குவதில்லை. மடிப்பில் தவறா, துணியில் தவறா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, மதுரை)

துணியில்தான். நம் ஸ்கார்ஃபின் பக்கம் 70 முதல் 80 செ.மீ.; அடி நீளம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். முதலுதவிக்கான முக்கோணக் கட்டுத்துணி ஒரு மீட்டர் சதுரத் துணியை மூலைக்கு மூலை வெட்டியது. அதன் அடி 1.4 மீட்டர். சின்னப் பிள்ளைக்கு ஸ்கார்ஃப் போதும், பெரியவருக்குப் போதாது. பழைய பருத்தி வேட்டியில் ஒரு மீட்டர் சதுரம் வெட்டினால் இரண்டு கட்டுத்துணி கிடைக்கும்.

கட்டும் முறை: காயம்பட்டவர் தன் நல்ல கையால் அடிபட்ட கையைத் தாங்கிப் பிடித்திருக்கட்டும். துணியைக் கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் நுழையுங்கள். கூர்முனை முழங்கைப் பக்கம். மேல் முனை நல்ல தோள் வழியாகக் கழுத்தைச் சுற்றி வரும். கீழ் முனையை முன்கையின் மேலாகத் தூக்கி, அடிபட்ட பக்கத்துக் காரை எலும்பின் பள்ளத்தில் ரீஃப் நாட். முடிச்சைப் பிடரியில் போட்டால் முதுகெலும்பில் உறுத்தும். முழங்கைப் பக்கம் மிஞ்சும் கூர்முனையை முறுக்கிச் செருகுங்கள் அல்லது ஊக்கு குத்துங்கள். மணிக்கட்டு முழங்கையைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். தொங்கினால் விரல் வீங்கும். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். ஒரு நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள்: இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். தாமதமானால் கட்டு இறுக்கம். முழங்கையை மடக்கவே முடியவில்லை என்றால் வலிய மடக்காதீர்கள். இருக்கும் நிலையிலேயே உடம்போடு சேர்த்துக் கட்டுங்கள்.

கேள்வி: போர்வை இல்லாமல் ஸ்ட்ரெச்சர் செய்ய வழி?
(சாரணர், நாகப்பட்டினம்)

மூட்டிய லுங்கி இரண்டு. நம் ஊரில் இதைவிடச் சுலபமானது இல்லை. ஆறடிக்கு மேல் நீளமுள்ள இரண்டு காய்ந்த மூங்கில்களை லுங்கிகளுக்குள் நுழைத்து, ஒரு லுங்கியின் ஓரம் மற்றதன் மேல் ஒரு சாண் ஏறுமாறு வைத்து விரியுங்கள். ஒன்றரை அடி இடைவெளி நிற்கும்படி தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு குறுக்குக் கம்பைக் கட்டினால் துணி தொய்ந்து ஆளை நெருக்காது. சட்டையில் செய்வதானால் பொத்தானைப் போட்டு, கையை உள்ளே தள்ளி, மூன்று சட்டையாவது வேண்டும். பொத்தான் பக்கம் கீழே வரட்டும். எதில் செய்தாலும் முதலில் உங்கள் அணியிலேயே கனமானவரைப் படுக்க வைத்து முழங்கால் உயரம் மட்டும் தூக்கிப் பாருங்கள். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி என்று சந்தேகம் இருந்தால் எந்த ஸ்ட்ரெச்சரும் வேண்டாம், நகர்த்தாமல் 108-க்குக் காத்திருங்கள்.

கேள்வி: காலை அணிவகுப்பில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். உடனே சோடா, தண்ணீர் கொடுக்கலாமா?
(உடற்கல்வி ஆசிரியர், வேலூர்)

முழு நினைவு வரும்வரை வாயில் எதுவும் வேண்டாம். நிழலில் மல்லாக்கப் படுக்க வைத்து, காலை ஓர் அடி உயர்த்தி, காலரையும் பெல்ட்டையும் தளர்த்துங்கள். ஒரு நிமிடத்தில் நினைவு வரவில்லை என்றால் சுவாசத்தைப் பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. உடம்பு கொதித்து, உளறினால் அது வெறும் மயக்கம் அல்ல, வெப்பத் தாக்கு. உடைகளைத் தளர்த்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே அனுப்புங்கள்.

நீரிழப்புக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் மேல் எத்தனை மில்லி என்று படித்துவிட்டுக் கரையுங்கள். 1 லிட்டருக்கானதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து கெடுதல் செய்யும். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

கேள்வி: மலைப்பாதையில் கதண்டு எனும் பெரிய குளவி கொட்டினால்?
(சாரணர், நாமக்கல் மாவட்டம்)

கூட்டைக் கண்டால் கல்லெறியாமல், புகை போடாமல் வந்த வழியே திரும்புங்கள். கலைந்துவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள். அடித்துக் கொன்றால் அந்த வாடைக்கே மற்றவை திரண்டு வரும். தண்ணீருக்குள் முங்கினால் தலை தூக்கும்வரை மேலே வட்டமிடும், ஆகவே அறையோ வண்டியோதான் புகலிடம். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். நகத்தாலோ அட்டை ஓரத்தாலோ உடனே வழித்து எடுங்கள். கதண்டு கொடுக்கை விட்டுப் போகாது, ஆனால் ஒன்றே பலமுறை கொட்டும். சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இரைந்தால், உடம்பெல்லாம் தடித்தால், ஒரே கொட்டாக இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனை. பத்துக்கு மேல் கொட்டியிருந்தால், தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் கொண்டுபோங்கள். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும். வீடு திரும்பிய பிறகு சிறுநீர் கறுத்தோ குறைந்தோ போனால் மறுபடி மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதைப் பெற்றோரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.